பிசிபேளாபாத்தா, கூட்டாஞ்சோறா?

வெயில் தலைகாட்டாத மார்கழி நாள்களில், அரிசியும் பருப்பும் காய்களும் ஒன்றாய்க் குழைந்த சோறு வேண்டுமென்றால், கர்நாடகத்துப் பிசிபேளாபாத்தும் திருநெல்வேலிக் கூட்டாஞ்சோறும் முன்னே வந்து நிற்கின்றன. முன்னதில் கேரட்டும் பட்டாணியும் கண்ணைக் கவர்ந்தாலும், வறுத்துப் பொடித்த மல்லி, மிளகாய், பட்டை, கிராம்பு, கொப்பரை ஆகியவற்றின் மணமே மேலோங்கி நிற்கும். ஆறினால் இறுகிவிடும் என்பதால் (பெயரிலுள்ள 'பிசி' என்பதற்கே சூடு என்றுதான் பொருள்) வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். கூட்டாஞ்சோற்றிலோ தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்த விழுது மட்டுமே சேர்வதால், மஞ்சள் சோற்றினிடையே கத்தரிக்காய், முருங்கைக்காய், மாங்காய், பச்சை மாறாத முருங்கைக்கீரை என ஒவ்வொன்றும் தன் சுவையோடு நாவில் தட்டுப்படும். மூக்கடைத்த நாளுக்குப் பிசிபேளாபாத் ஏற்றது. மற்ற நாள்களில், பொரித்த வடகத்துடன் கூட்டாஞ்சோறே என் தேர்வு.