சுகாவ் போகிறீர்களா? ரசீதில் ‘படகு’ என்று எழுதி வாங்குங்கள்

போன மாதம் மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள சண்டக்கான் போயிருந்தேன். செப்பிலோக்கில் ஓராங் ஊத்தான் பார்த்தாயிற்று, அப்படியே கினபாத்தாங்கான் ஆற்றோரக் கம்பமான (கிராமமான) சுகாவுக்கும் ஓர் எட்டு போய்வரலாம் என்று ஆசை. கையில் காசு குறைவு. விடுதி வாசலில் பிடித்த தரகர், "2 பகல் 1 இரவு, 380 வெள்ளி (ரிங்கிட்). மூன்று படகுச் சவாரி, சாப்பாடு, போக வர வண்டி, எல்லாம் அடக்கம். யானை கண்டிப்பாகப் பார்க்கலாம்" என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சிலேயே நான் எழுந்து போயிருக்க வேண்டும். போர்னியோ யானைகள் ஆற்றங்கரையோரமாக இடம் மாறிக்கொண்டே இருப்பவை. அவற்றுக்கு உறுதி கொடுக்க இவர் யார்?

இரண்டரை மணி நேர வேன் பயணம், வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். தங்கும் வீட்டுக்கார மலாய் அம்மா, அங்கே ‘மக்சிக்’ என்பார்கள், என் ரசீதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும்தான் எனக்குக் காசு வந்தது. படகுக்கு வரவில்லையே." ரசீதை அப்போதுதான் நானும் ஒழுங்காகப் படித்தேன்: ‘சுகாவ், 1 இரவு, 380’. அவ்வளவுதான்.

தரகருக்கு நான்கு முறை போன் போட்டேன். ஒருவழியாக ஒரு படகு வந்தது, மணி ஐந்து ஐம்பதுக்கு. அங்கே ஆறேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். நீள்மூக்குக் குரங்குகள் தூங்குவதற்காக ஆற்றோர மரங்களுக்கு வருவதே சாயங்காலத்தில்தான், அதனால் நான்கு மணிக்கே கிளம்புவதுதான் வழக்கம். எங்கள் படகில் பதினான்கு பேர். இன்ஜின் அலறிய அலறலில் கிளைகள் ஆடியதைத்தான் பார்த்தோம், குரங்கைப் பார்க்கவில்லை. முப்பத்தைந்து நிமிடத்தில் திருப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மக்சிக்கின் மகனிடம் நேரடியாக 60 வெள்ளி கொடுத்துச் சின்னப் படகில் போனேன். ஆற்றின் மேல் பனி. மரத்தைக் கண்டதும் இன்ஜினை அணைத்துத் துடுப்புப் போட்டார். பானை வயிற்று ஆண் குரங்கு ஒன்று, தொங்கும் மூக்கைக் கையால் ஒதுக்கி ஒதுக்கி இலை தின்றுகொண்டிருந்தது. மூக்கும் தொப்பையும் டச்சுக்காரர் மாதிரி இருப்பதால்தான் மலாய்க்காரர்கள் அதை ‘மொன்யெட் பெலாண்டா’ என்கிறார்களாம். தலைக்கு மேல் இருவாய்ச்சி ஜோடி ஒன்று, இறக்கைச் சத்தம் உஸ் உஸ்ஸென்று கேட்க. சேற்றில் ஒரு முதலை. யானை இல்லை, கவலையும் இல்லை.

ஆக, போகிறவர்கள் எத்தனை சவாரி, எத்தனை மணிக்கு, படகில் எத்தனை பேர் என்று எழுதி வாங்குங்கள். சுகாவ் போகும் வழியிலுள்ள கோமந்தோங் குகையும் சேர்த்தி என்றால் நுழைவுக் கட்டணம் யார் தலையில் என்றும் கேளுங்கள். முடிந்தால் தரகரை விட்டுவிட்டுக் கம்பத்து வீட்டுக்காரர்களிடமே பேசுங்கள்.

திரும்பும் வேனும் வரவில்லை. கேட்டதற்குத் தரகர் அனுப்பிய பதில்: "ரசீதில் இருக்கிறதா, பாருங்கள்."