தெருவுக்கு ஒரு வண்ணம்: சார்லஸ் பூத் ஆவணத் தளம்

லண்டன் பொருளியல் பள்ளியின் நூலகம் 'சார்லஸ் பூத்தின் லண்டன்' என்ற பெயரில் நடத்தும் இலவச இணையதளத்தைத் திறப்பவரை முதலில் கட்டிப்போடுவது அதன் வரைபடம்தான். லண்டன் மக்களின் வறுமையை ஆராய்ந்த பூத்துக்காக 1898-99ஆம் ஆண்டுகளில் 12 தாள்களாகத் தயாரான இந்த வறுமை வரைபடத்தில், ஒவ்வொரு தெருவும் அங்கே குடியிருந்தவர்களின் நிலைக்கேற்ப வண்ணம் பெற்றிருக்கிறது. செல்வந்தர் தெருவுக்கு மஞ்சள், வசதியான நடுத்தர வர்க்கத்துக்குச் சிவப்பு, நிரந்தர வறுமையில் கிடந்த அன்றாடக் கூலிகளுக்கு அடர்நீலம். இன்றைய வரைபடத்தின் மேல் இதை விரித்து, அதன் அடர்த்தியைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம். இந்த ஒரு வசதியிலேயே முழு மாலைப்பொழுதும் போய்விடும்.

ஆனால், வரைபடத்தின் விளக்கக்குறிப்பைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். வெளிர்நீலத்துக்கு 'ஏழைகள், நடுத்தர அளவுள்ள குடும்பத்துக்கு வாரம் 18 முதல் 21 ஷில்லிங் (அன்றைய பிரிட்டிஷ் நாணயம்) வரை' என்று வருமானக் கணக்குச் சொல்லும் அதே குறிப்பு, கருப்புக்கு வந்ததும் ஷில்லிங்கை மறந்துவிட்டு, 'மிகக் கீழான வகுப்பு, தீயொழுக்கம், அரைக் குற்றவாளிகள்' என்று தீர்ப்பெழுதத் தொடங்குகிறது. லிவர்பூலில் பிறந்த கப்பல் முதலாளியான பூத், 1886இல் தொடங்கித் தம் சொந்தப் பணத்தில் நடத்திய ஆய்வு இது. லண்டன் மக்களில் 30.7 சதவீதத்தினர் வறுமையில் இருந்தனர் என்று கண்டு சொன்ன கணக்காளரும், ஒரு தெருவுக்கே கருப்பு மை பூசிய நீதிபதியும் ஒருவரே.

அந்தத் தீர்ப்பு எப்படி உருவானது என்பதைக் காட்டுவதால்தான், தளத்தின் உண்மையான செல்வம் போலீஸ் குறிப்பேடுகள் என்பேன். பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்று வீடு வீடாகச் சென்று விசாரித்த பள்ளி வாரியப் பார்வையாளர்கள் தந்த தகவலைக் கொண்டே முதல் வரைபடம் 1889இல் உருவானது. அதைத் திருத்தி 1898-99 வரைபடத்தை உருவாக்குவதற்காக, ஜார்ஜ் டக்வொர்த் உள்ளிட்ட பூத்தின் உதவியாளர்கள் அந்தந்த வட்டாரத்தை அறிந்த காவலர்களோடு தெருத்தெருவாக நடந்து எழுதியவையே இந்தக் குறிப்பேடுகள். உடைந்த சன்னல், திறந்தே கிடக்கும் கதவு, வாசலில் நிற்கும் பெண்கள், திருடர்கள் பற்றிய காவலரின் வாய்ச்சொல் என எல்லாம் ஓட்டத்தில் எழுதப்பட்டு, பழைய வண்ணம் இன்னும் பொருந்துமா என்ற முடிவோடு சேர்கின்றன. அந்த வீட்டுக்குள் இருந்தவர் தம்மைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்பதற்கு இங்கே பெரும்பாலும் இடமில்லை. கதவைத் தட்டாமலே எழுதிய குறிப்புகள் அல்லவா!

பக்கங்கள் கையெழுத்துப் படங்களாகவே இருப்பதால் கைப்பேசியில் படிப்பது வீண்வேலை. பெரிய திரை வேண்டும், கண்ணுக்கு எழுத்தும் சுருக்கக்குறிகளும் பழகக் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதைவிட, வரைபடத்தில் இரண்டு வண்ணங்கள் உரசிக்கொள்ளும் ஒரு தெருமுனையைத் தேர்ந்தெடுத்து, அங்கே நடந்தவர் என்ன எழுதினார் என்று தேடிச் செல்வதே நல்லது.