எச்சரிக்கை: "ஐ7, 16 ஜிபி ராம், சிஎன்சி ஸ்பெஷல்" என்று தலையில் கட்டப்படும் கம்ப்யூட்டர்

மார்த்தாண்டம் பக்கம் கதவுப் பலகையில் செதுக்கு வேலை செய்யும் ஆசாரி ஒருவருக்கு, பாறசாலைப் பக்கத்துக் கடை ஒன்று 38,000 ரூபாய்க்கு "சிஎன்சி ஸ்பெஷல் கம்ப்யூட்டர்", அதாவது கம்ப்யூட்டர் கட்டளையில் தானாகச் செதுக்கும் சிஎன்சி மெஷினை ஓட்டுவதற்கான கம்ப்யூட்டர், விற்றிருக்கிறது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே சரக்கை விற்கிறவர்கள் உண்டு.

வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷன் இது: ஐ7, 16 ஜிபி ராம், 2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, மாக்3 லைசென்ஸ், பேரலல் போர்ட் கேபிள். விவரம் தெரிந்தவருக்கு இந்த ஒரு வரியே போதும். மாக்3 என்பது மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேர்; பேரலல் போர்ட் என்பது பழைய பிரிண்டர்களுக்கான 25 பின் சாக்கெட். அதன் வழியாக மாக்3 மெஷினை ஓட்ட 32-பிட் விண்டோஸ் வேண்டும். 64-பிட்டில் அதன் போர்ட் டிரைவர் வேலை செய்யாது. 32-பிட் விண்டோஸோ 4 ஜிபிக்கு மேல் ராமைத் தொடாது. 16 ஜிபி ராமையும் பேரலல் போர்ட் மாக்3-யையும் ஒன்றாக விற்றால் இரண்டில் ஒன்று தண்டம். கிராஃபிக்ஸ் கார்டும் ராமும் டிசைன் போடுகிற கம்ப்யூட்டருக்குத்தான் தேவை. மெஷினை ஓட்டுகிற கம்ப்யூட்டருக்கு அவற்றால் பெரிய பிரயோஜனம் இல்லை.

அடுத்த ஏமாற்று, அந்தக் கேபிள். ஒரு முனையில் யுஎஸ்பி, மறு முனையில் 25 பின். அது பிரிண்டருக்கானது, ஒவ்வொரு பின்னையும் தனித்தனியாக, நேரம் தவறாமல் ஏற்றி இறக்க அதனால் முடியாது. டிவைஸ் மேனேஜரில் "போர்ட்ஸ்" தலைப்பின் கீழே எல்பிடி1 என்று வந்தால்தான் உண்மையான போர்ட். இந்தக் கேபிள் "யுஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்" என்று வேறிடத்தில் உட்கார்ந்திருக்கும். அப்படியானால் கடையில் மெஷின் எப்படி ஓடியது? ஓட்டிக் காட்டியது அவர்களுடைய பழைய டெஸ்க்டாப்பில். பெட்டியில் கட்டிக் கொடுத்தது வேறொன்றை. கேட்டால் "எல்லாம் ஓடிக்கோளும் சேட்டா" என்று பதில். ஓட்டிக் காட்டியதும் சின்னப் பெயர்ப்பலகை ஃபைல்தான். லைசென்ஸ் இல்லாத மாக்3 500 வரி ஜி-கோடு (மெஷினுக்கான கட்டளை வரிகள்) வரை ஓடும். பெயர்ப்பலகை அதற்குள் முடிந்துவிடும். கதவில் செதுக்கும் பூவேலை லட்சம் வரிகளைத் தாண்டும்.

புகார் சொன்னதும் ஒரு பேரலல் கார்டு செருகி, 32-பிட் விண்டோஸ் 7 போட்டு, அதற்குத் தனிக் காசும் வாங்கினார்கள். மெஷின் ஓடத்தான் செய்தது. ஆனால் தேக்குப் பலகையில் பூவின் இதழ்கள் ஒரு பக்கமாக 2 மிமீ தள்ளி, விளிம்பில் படிக்கட்டு விழுந்தது. "மோட்டார் வீக், பெரிசு போடணும்" என்றது கடை.

கணக்கைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 5 மிமீ நகர்த்தும் பால் ஸ்குரூ, சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், மோட்டாரை இயக்கும் டிரைவர் பெட்டியில் 1/8 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிப்பது) என்றால் மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ், அதாவது மோட்டாரை நகர்த்தும் மின் துடிப்பு. நிமிடத்துக்கு 3000 மிமீ வேகத்தில் நொடிக்கு 16,000 பல்ஸ் போகவேண்டும்; 62.5 மைக்ரோ செகண்டுக்கு ஒன்று. மின்சாரம் மிச்சம் பிடிக்க பிராசஸர் நடுவில் 100 மைக்ரோ செகண்ட் அசந்தால் பல்ஸின் தாளம் தப்பும், வேகத்தில் இருக்கும் மோட்டார் ஸ்டெப்பை விட்டுவிடும். சாதாரண ஸ்டெப்பருக்குத் திருப்பிச் சொல்லும் வசதி இல்லாததால் சாஃப்ட்வேருக்கு அது தெரியாது. அதற்குப் பிறகு வெட்டுவதெல்லாம் தள்ளியே விழும்.

மோட்டார்மேல் பழி போடுமுன் ஸ்பிண்டிலை (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) அணைத்து, பிட்டை மேலே தூக்கி, அதே ஃபைலை அதே வேகத்தில் காற்றில் ஓட்டி, பூஜ்ஜியத்துக்குத் திரும்புகிறதா என்று நகர்வை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். சுமையே இல்லாமல், ஓட்டத்துக்கு ஓட்டம் வேறு வேறு இடத்தில் தள்ளினால் கம்ப்யூட்டரைச் சந்தேகியுங்கள். ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் தள்ளினால் விஎஃப்டி (ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் பெட்டி) கிளப்பும் மின் இரைச்சல், எர்த் கோளாறு. மரத்தில் இறங்கியபின் மட்டும் என்றால் மோட்டார் கரண்ட், மோட்டாரையும் ஸ்குரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் திருகு, ஆக்சிலரேஷன் ஆகியவற்றைப் பாருங்கள்.

பேரலல் போர்ட்தான் என்று முடிவு செய்தால், காசு கொடுக்குமுன் கடையிலேயே சோதியுங்கள். மாக்3 போலவே மெஷினை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி இலவசம், பென் டிரைவிலிருந்து இன்ஸ்டால் செய்யாமலே பூட் ஆகும். அதில் கம்ப்யூட்டரின் தாமதத்தை அளக்கும் லேட்டன்சி டெஸ்டைத் திறந்து, கூடவே ஃபைல் காப்பி, வீடியோ, ஜன்னல்களை இழுத்து நகர்த்துவது என்று கால் மணி நேரமாவது படுத்துங்கள். அதிகபட்ச ஜிட்டர் (நேரப் பிசகு) 20,000 நானோ செகண்டுக்குள் இருந்தால் அருமை. 30,000 முதல் 50,000 வரை இருந்தால் வேகத்தைக் குறைத்து ஓட்டலாம். 1,00,000 தாண்டினால் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) சி-ஸ்டேட்ஸ், ஸ்பீட்ஸ்டெப், ஹைபர்த்ரெடிங் மூன்றையும் அணைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் ஐ7 ஆனாலும் வேண்டாம். லேப்டாப் பக்கமே போகாதீர்கள். மாக்3 என்றால் அதன் ஃபோல்டரிலேயே இதே சோதனைக்கு டிரைவர்டெஸ்ட் இருக்கிறது. கோடு சீராக ஓடி "எக்ஸலன்ட்" என்று வரவேண்டும்.

எங்களைக் கேட்டால் புதிதாக வாங்குபவர் பேரலல் போர்ட்டையே விட்டுவிடலாம். ஜிஆர்பிஎல் என்ற இலவச சாஃப்ட்வேர் ஏற்றிய ஆர்டுயினோ யூனோ (சின்னக் கண்ட்ரோலர் போர்டு) பல்ஸைத் தானே உண்டாக்கும், நொடிக்கு சுமார் 30,000 வரை; மேலே சொன்ன கணக்குக்குத் தாராளம். கம்ப்யூட்டர் வரிகளை அனுப்பினால் போதும், வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பே ஆகும். ஸ்லீப், தானாக வரும் விண்டோஸ் அப்டேட், யுஎஸ்பி சஸ்பெண்ட் மூன்றையும் அணைத்துவிட்டு, ஷீல்டு போட்ட, 2 மீட்டருக்குள்ளான கேபிளைப் போடுங்கள். தூசியும் மழை ஈரமும் உள்ள பட்டறைக்கு டிஎஸ்பி ரிமோட் (ஃபைலைத் தானே படித்து மெஷினை ஓட்டும் கைக் கண்ட்ரோலர்) இன்னும் நல்லது, கம்ப்யூட்டரே தேவையில்லை. கம்ப்யூட்டருக்குள் செருகி மெஷினை ஓட்டும் என்சி ஸ்டுடியோ வி5 கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்; அதற்குப் பழைய பிசிஐ ஸ்லாட் வேண்டும், புதிய போர்டுகளில் பெரும்பாலும் அது கிடையாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடை கேரளத்தில் இருந்தாலும் குமரி மாவட்டக்காரர் நாகர்கோவிலில் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் கொடுக்கவேண்டும். வணிகத்துக்கு வாங்கிய பொருள் என்று கடை வாதாடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியது அதில் அடங்காது என்று சட்டமே சொல்கிறது. அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். கொட்டேஷன் வந்த வாட்ஸ்அப் உரையாடல், டிவைஸ் மேனேஜர் படம், பெட்டிக்குள் இருக்கும் போர்டின் சீரியல் நம்பர் மூன்றையும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள். அதுவரை விண்டோஸை மாற்றிப் போடக் கடைக்காரர் கையில் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.