ஒக்டோபர் தோடுகள்: மார்பகப் புற்றுநோய் நிதிக்காக நகை விற்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான ஒக்டோபர் பிறந்தால் கொழும்பில் இளஞ்சிவப்பு பெருகிவிடுகிறது. வங்கிக் கிளைகளின் வாசலிலும் காலி வீதிக் கடைகளின் கண்ணாடியிலும் ரிபன் ஒட்டப்படும் அதே வாரங்களில், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை வீட்டிலிருந்தபடியே மணி கோக்கும் பெண்கள் பலருக்கு ஒரே எண்ணம் வருகிறது: நாம் செய்யும் தோடுகளையும் மாலைகளையும் விற்று, அந்தப் பணத்தை மார்பகப் புற்றுநோயாளருக்குக் கொடுக்கலாமே என்பது. நல்ல எண்ணந்தான். ஆனால் அதற்குள் இரண்டு வேறு வேலைகள் ஒன்றாக முடிச்சிடப்பட்டிருக்கின்றன. ஒன்று பணம் சேர்ப்பது. மற்றையது இந்நோயைப் பற்றி வாய்திறந்து பேசவைப்பது. விற்பனைக்கு இருக்கும் வழிகளை அருகருகே வைத்துப் பார்த்தால், முதல் வேலையை நன்றாகச் செய்யும் வழி இரண்டாவதைப் பெரும்பாலும் செய்வதில்லை என்பதும், இரண்டையும் ஒரே மேசையில் முடிக்க நினைப்பவர்கள் இரண்டிலும் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள் என்பதும் தெரியவரும்.

முதலில் நினைவுக்கு வருவது அலுவலக வாசலில் ஒரு நாள் மேசை போடுவது. கோட்டையிலோ கொள்ளுப்பிட்டியிலோ உள்ள ஒரு நிறுவனம் ஒக்டோபரில் விழிப்புணர்வு நாள் நடத்தும். ஒரு வைத்தியர் வந்து பேசுவார். வாசலில் ஓரிரு மேசைகள் நகைக்கு ஒதுக்கப்படும். மேசைக்கு வாடகை பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். வாங்குபவர் தோட்டைக் காதருகே பிடித்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டே வாங்குவதால் திருப்பி அனுப்பும் தொல்லையும் இல்லை. குறை என்னவென்றால், விற்பனை முழுவதும் மதிய உணவு இடைவேளைக்குள் நடந்தாக வேண்டும். அந்த நெரிசலில் மிச்சப் பணம் எண்ணிக் கொடுப்பதற்கே கை போதாது. நோயைப் பற்றி யாரிடம் பேசுவது? தவிர, மேசைக்கு வருபவர்கள் சற்று முன்புதான் வைத்தியரின் உரையைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். நாம் சொல்லக்கூடிய எதையும் அவர் நம்மைவிட நன்றாகச் சொல்லி முடித்திருப்பார்.

இதற்குப் போட்டியாக நான் முன்வைப்பது நவராத்திரியில் கலைமகளுக்கு எடுக்கும் வாணி விழாவை. நவராத்திரி புரட்டாதியில் வருவதால், சில ஆண்டுகளில் செப்டெம்பர் இறுதியிலும் சில ஆண்டுகளில் ஒக்டோபரின் நடுப்பகுதியிலுமாக, இளஞ்சிவப்பு மாதத்தை உரசிக்கொண்டே செல்கிறது. கொழும்பின் தமிழ்ப் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் ஆலய மண்டபங்களிலும் நடக்கும் வாணி விழாக்களுக்கு வருபவர்கள் விழிப்புணர்வு உரைக்கென்று ஒருபோதும் வந்திராத பெண்கள்: அம்மாமார், மாமிமார், பேரப்பிள்ளையின் நடனத்தைப் பார்க்க வந்த அம்மம்மாமார். வயது கூடக்கூட ஆபத்தும் கூடும் நோய் இது என்பதால், நாம் தேட வேண்டியவர்களும் அவர்களே. அங்கு விற்பனை மெதுவாகத்தான் நடக்கும். விலை பேசுவார்கள், மணி கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று பல்லில் தட்டிப் பார்ப்பார்கள், வாங்காமலும் போவார்கள். ஆனால் நிகழ்ச்சிக்கும் பிரசாதத்துக்கும் இடையில் அவர்களிடம் நேரம் இருக்கிறது; அலுவலக வாசலில் கிடைக்காதது அந்த நேரம்தான்.

பேச்சைத் தொடங்குவது எளிதன்று. நம்மவர்களில் பலர் 'கான்சர்' என்ற சொல்லையே குரல் தாழ்த்திச் சொல்கிறார்கள்; தாய்க்கு இருந்தது வெளியே தெரிந்தால் மகளின் கலியாணப் பேச்சு குழம்பும் என்று மறைத்த குடும்பங்களையும் நாம் அறிவோம். இங்குதான் நகை செய்பவரின் கைத்தொழில் உதவுகிறது. மணிகளை நாம் மில்லிமீற்றரில் வாங்குகிறோம்; கட்டிகளையும் வைத்தியர்கள் மில்லிமீற்றரில் அளக்கிறார்கள். 6, 10, 20, 30 மில்லிமீற்றர் மணிகளை வரிசையாகக் கோத்த ஒரு சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, 20 மில்லிமீற்றர், அதாவது 2 சென்ரிமீற்றர் வரையிலான கட்டியே மிகச் சிறிய அளவு வகையில் சேர்க்கப்படுகிறது என்று சொன்னால், துண்டுப்பிரசுரத்தைப் படிக்காத விரல்கள் அந்த மணியை உருட்டிப் பார்க்கும். வெவ்வேறு அளவு மணிகளால் கட்டியின் அளவை விளக்கும் முறை பல நாடுகளில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் விளக்கும் ஒரு சிறு அட்டையைச் சேர்ப்பது மட்டுமே நம் பங்கு. வலியில்லாத கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு, அக்குளில் கட்டி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வைத்தியரிடம் போக வேண்டும் என்பதும், அண்மையிலுள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் இயங்கும் பெண்களுக்கான இலவச கிளினிக்கில் மார்பகத்தைப் பரிசோதித்துக்கொள்ளலாம் என்பதும் அந்த அட்டையில் இருந்தால் போதும்.

பணம் சேர்ப்பதுதான் நோக்கமென்றால் கணக்கு முற்றிலும் வேறு. வட்ஸ்அப் குழுக்களிலும் பேஸ்புக்கிலும் ஐந்தாறு மாதிரிகளின் படத்தைப் போட்டு, முற்பணம் பெற்று, கேட்ட எண்ணிக்கைக்கு மட்டும் செய்து கொடுக்கும் முன்பதிவு முறையை வேறெதுவும் வெல்வதில்லை. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் மணியையும் கொளுக்கியையும் ஒரே நடையில் மொத்தமாக வாங்கலாம். விற்காத சரக்கு அலுமாரியில் தூங்காது. தீபாவளிப் பரிசுக்கென ஒருவரே பத்துச் சோடி கேட்பதும் உண்டு. பொதி கையில் கிடைத்த பிறகு பணம் வாங்கும் கூரியர் முறையை மட்டும் இந்த விற்பனையில் தவிர்ப்பது நல்லது. கதவைத் திறக்காத ஒருவரால் திரும்பி வரும் ஒவ்வொரு பொதியின் செலவும் நோயாளருக்குப் போக வேண்டிய பணத்திலிருந்தே கழிகிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர்கள் தாராளமாக வாங்குவார்கள் என்பது உண்மை. ஆனால் கனமான பொதியை அங்கு அனுப்பும் செலவு நகையின் விலையையே விழுங்கிவிடும். அவர்கள் பணத்தைச் செலுத்திவிட்டுத் தோட்டைக் கொழும்பிலுள்ள ஒரு மருமகளுக்குக் கொடுக்கச் சொல்லும் ஏற்பாடுதான் இரு தரப்புக்கும் இலாபம். விழிப்புணர்வு என்ற வகையில் இந்த வழிக்கு நான் அதிக மதிப்பெண் தரமாட்டேன். வட்ஸ்அப்பில் ரிபன் படத்துக்கு இருபது இதயக்குறிகள் விழும். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்.

கடைகளில் வைத்து விற்றால் பங்குப் பணம் எடுத்தபின் மிஞ்சுவது சொற்பம். கொழும்பு 7 இல் கூடும் குட் மார்க்கெட் போன்ற சந்தைகளில் கைவினைக்கு நல்ல மதிப்பு உண்டு; ஆனால் முன்கூட்டியே விண்ணப்பித்து ஏற்கப்பட வேண்டும் என்பதால் ஒரு மாத முயற்சிக்கு அது பொருந்தாது. ஆண்டு முழுவதும் தொழிலாகச் செய்பவர்கள் யோசிக்கலாம்.

எந்த வழியில் விற்றாலும், கொடுக்கப்போகும் தொகையை எப்படிச் சொல்கிறோம் என்பது விற்கும் இடத்தைவிட முக்கியம் என்றே கருதுகிறேன். மூன்று விதமாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது: இலாபத்தில் ஒரு பங்கு, ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வளவு ரூபாய், செலவு போக முழுவதும். எடுத்துக்காட்டாக, 1,500 ரூபாய்த் தோடு ஒன்றுக்கு மணி, கொளுக்கி, பெட்டி எல்லாம் சேர்த்து 500 ரூபாய் செலவானால் மிஞ்சுவது 1,000. 'இலாபத்தில் 10 வீதம்' என்றால் நோயாளருக்குப் போவது 100 ரூபாய். கூலியையும் பேருந்துச் செலவையும் கழித்த பின்புதான் இலாபம் என்று ஒருவர் கணக்குப் பார்த்தால் அது 40 ரூபாயாகவும் சுருங்கலாம். வாங்கியவரோ பெருந்தொகை கொடுத்துவிட்டதாக மனநிறைவோடு போவார். 'முழுவதும்' என்பது கேட்க உயர்வாக இருக்கிறது, ஆனால் ஒரு சோடிக்கு முக்கால் மணித்தியாலம் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் பெண்ணின் உழைப்பை அது பூச்சியமாக்கிவிடுகிறது. அவர் அடுத்த ஒக்டோபரில் வர மாட்டார். 'இந்தத் தோட்டில் 600 ரூபாய் நிதிக்குப் போகிறது' என்று அட்டையில் அச்சிடுவதே என் தேர்வு. கூட்டவும் பெருக்கவும் தெரிந்த எவரும் அதைச் சரிபார்க்கலாம். வாங்குவோரைத் தவறாக வழிநடத்தும் கூற்றுகளை 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. தருமத்தின் பெயரால் செய்வதாலேயே ஒருவருக்கு அதிலிருந்து விலக்குக் கிடைத்துவிடாது.

நோயின் பெயரால் விற்கும் பணம் உண்மையில் எங்கே போகிறது என்ற இந்த ஐயம் புதியதன்று. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சார்லட் ஹேலி என்ற பெண் தன் வீட்டில் பீச் நிற ரிபன்களைக் கையால் செய்து, புற்றுநோய் ஆய்வுக்கான அரச நிதியில் தடுப்புக்கு எவ்வளவு குறைவாகச் செலவிடப்படுகிறது என்ற செய்தியை அட்டையில் இணைத்து விநியோகித்தார். ஒரு பத்திரிகையும் அழகுசாதன நிறுவனம் ஒன்றும் அந்த ரிபனைப் பயன்படுத்தக் கேட்டபோது, வணிகமாகிவிடும் என்று மறுத்துவிட்டார். நிறம் மாற்றப்பட்டு 1992 இல் இளஞ்சிவப்பு ரிபன் பிறந்தது. ரிபன் மிஞ்சியது, அட்டையிலிருந்த கேள்வி விழுந்துபோனது. வாங்கும் முன் யோசியுங்கள் என்ற எதிர்ப்பு இயக்கத்தை 2002 இல் அங்குள்ள நோயாளர் அமைப்பொன்று தொடங்கியதற்குக் காரணம் அதன் பிறகு நடந்த விற்பனைப் பெருக்கம்தான்.

என்ன செய்து விற்பது என்பதிலும் ஒப்பீடு தேவை. இங்கே பலர் அறியாமலே தவறுகிறார்கள். ரிபன் தொங்கும் இறுக்கமான கைச்சங்கிலியே அதிகம் விற்கும் பொருள். ஆனால் சத்திரசிகிச்சையில் அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பெண்ணுக்கு அந்தப் பக்கத்துக் கையில் நிணநீர் தேங்கி வீக்கம் வரலாம் என்பதால், அந்தக் கையில் இறுக்கமான காப்பு, மோதிரம் போன்றவற்றைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். யாருடைய பெயரால் விற்கிறோமோ அவரே போட முடியாத நகை அது. கதிர்ச்சிகிச்சைக் காலத்தில் தோல் எரிச்சலடைந்திருக்கும் என்பதால் மார்பில் உரசும் கனமான மாலையும் உகந்ததன்று. தோடுதான் எல்லோருக்கும் பொருந்துகிறது. கொளுக்கி மட்டும் மலிவான நிக்கல் பூச்சாக இல்லாமல் 925 வெள்ளியாக இருந்தால் காது புண்ணாகும் வாய்ப்புக் குறையும், விலை சற்று ஏறினாலும் பரவாயில்லை. நகையைக் கழற்றுவது நம் பெண்களுக்குச் சிறிய காரியமன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மெமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கும் அறையில் தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்கள் என்ற தயக்கத்தாலேயே பரிசோதனையைத் தள்ளிப்போட்ட ஒரு மாமியை எனக்குத் தெரியும். மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு போகலாம் என்று வாணி விழா மேசையில் இன்னொரு அம்மா சொல்லிக் கொடுத்தபோது, அந்தப் பேச்சு மேசையைச் சுற்றி அரை மணித்தியாலம் ஓடியது.

பணம் போய்ச்சேரும் இடத்தைப் பொறுத்தவரை, முகநூலில் படத்தோடு வரும் தனி நோயாளரின் வங்கிக் கணக்குக்குக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. அந்தப் பெண்ணின் நோய் ஊர் முழுவதும் தெரிந்துவிடுகிறது. மிஞ்சிய பணத்துக்குக் கணக்கும் இல்லை. மகரகமவிலுள்ள அபேக்ஷா அரச புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் மாதக்கணக்கில் வந்துபோகும் பெண்களின் பயணத்துக்கும் துணைக்கு வருபவரின் தங்குமிடத்துக்கும் கையிலிருந்துதான் செலவாகிறது. 1948 இல் தொடங்கப்பட்ட இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் போன்ற பதிவுபெற்ற அமைப்புகளிடம் முன்பே பேசி, இன்ன பொருளுக்கு அல்லது இன்ன செலவுக்கு என்று குறித்துக் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்குவதே நிலையான வழி. நம் நாட்டில் பெருந்தொகை திரட்டிய இயக்கங்களும் இதையே செய்தன. 2011 இன் 'ட்ரெயில்' நிதி நடைபயணம் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலைக்கு என்று சொல்லிக் கேட்டது; மகரகம வைத்தியசாலைக்காக 2016 இல் நடந்த 20 கோடி ரூபாய்த் திரட்டல், உடலில் புற்றுநோய் இருக்கும் இடங்களைக் காட்டும் ஒரு பெற் ஸ்கான் இயந்திரத்துக்கு என்று சொல்லிக் கேட்டது. கொடுத்தவர்கள் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் கொடுத்தார்கள். நாற்பது தோடு விற்பவர் அவ்வளவு பெரிதாகச் சொல்லத் தேவையில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் அணியும் உள்ளாடை இத்தனை என்று சொன்னாலே போதும்.

ஆகவே நான் இரண்டையும் பிரித்துவிட்டேன். பணத்துக்கு முன்பதிவு, கடைசித் திகதி செப்டெம்பர் இறுதி, ஒரு சோடிக்கு 600 ரூபாய், பற்றுச்சீட்டின் படம் அதே வட்ஸ்அப் குழுவில் போடப்படும். பேச்சுக்கு வாணி விழா மேசை. அங்கே தோடுகள் விற்றாலும் சரி, விற்காவிட்டாலும் சரி. மணிச் சாவிக்கொத்துக்கு விலைச்சீட்டு இல்லை. அதன் செலவைத் தோட்டின் விலையில் சேர்த்தாயிற்று. கேட்பவரிடம் மட்டும் ஒரு நிபந்தனை: அட்டையை வீட்டிலுள்ள இன்னொரு பெண்ணுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.