ஃபயர்ஃபாக்ஸ்ல வீடியோ ஸ்டக் ஆகுதா? அஞ்சாம் ஜெனரேஷன் லேப்டாப்ல ஓட வெச்ச அனுபவம்

தங்கச்சி டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்குப் படிக்கிறா, அவளுக்காக செகண்ட் ஹேண்ட்ல ஒரு லேப்டாப் வாங்கினோம். இன்டெல் ஐ3 அஞ்சாம் ஜெனரேஷன், 8 ஜிபி ரேம், கடையிலயே விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக் குடுத்துட்டாங்க, அதுல டெபியன்ங்கற வகை. கூடவே ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரும் இருந்துச்சு. படிக்கிறதுக்கு வேற என்ன வேணும்னு சந்தோஷமாத்தான் கொண்டு வந்தோம், ஆனா முதல் நாள் கிளாஸ்லயே சார் பேசுறது கேக்குது போர்டுல எழுதுறது அப்படியே நிக்குது, அவர் கணக்குக்கு விடை சொல்லி முடிச்ச அப்புறம்தான் முதல் வரி தெரியுது, ஃபேன் வேற மிக்ஸி மாதிரி சத்தம். பாவம், ரெண்டு நாள் ஆடியோவை மட்டும் கேட்டு நோட்ஸ் எடுத்திருக்கா, எங்கிட்ட சொல்லவே இல்ல.

எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், குரோம் போடு. நான் போடல. 2004ல ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்த காலத்துலேர்ந்து சோர்ஸ் கோடை யார் வேணும்னாலும் திறந்து பாக்கலாம்னு நிக்கிற பிரவுசர் இது, வீடியோ ஓடலன்னு ஒரே காரணத்துக்காக விட மனசு வரல. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்தேன். அதனால இது ஃபயர்ஃபாக்ஸோட முழு ரிவ்யூ இல்ல, பழைய மெஷின்ல வீடியோ பாக்க அது எப்படி இருக்குங்கறதுக்கான ரிவ்யூ.

முதல்ல செஞ்சது ட்ரபுள்ஷூட் மோடு. மூணு கோடு மெனுவுல ஹெல்ப் உள்ள இருக்கு, ஆட்-ஆன், அதாவது பிரவுசர்ல நாம சேர்த்த குட்டி புரோகிராம் எல்லாத்தையும் நிறுத்திட்டுத் திறக்கும். இதுல வீடியோ சரியா ஓடினா ஆட்-ஆன்ல ஏதோ சிக்கல்னு பாதி தெரிஞ்சிடும் (வீடியோ வேலையை கிராஃபிக்ஸ் சிப்புகிட்ட விடுற ஹார்டுவேர் ஆக்சலரேஷனையும் இது நிறுத்திடும், அதனால முழுசா முடிவு பண்ணிடாதீங்க). எங்களுக்கு எந்த மாத்தமும் இல்ல.

அடுத்து பாத்ததுதான் இந்த பிரவுசர்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அட்ரஸ் பார்ல அபௌட், ஒரு கோலன், அப்புறம் சப்போர்ட், இதை இங்கிலீஷ்ல இடைவெளி இல்லாம டைப் பண்ணி என்டர் தட்டுங்க. நீளமா ஒரு பக்கம் வரும், கீழ போனா மீடியான்னு ஒரு பகுதி, அதுல எச் 264, விபி9, ஏவி1னு ஒவ்வொரு கோடெக்கா (வீடியோவைச் சுருக்கி வைக்கிற முறை) போட்டு, அதை விரிச்சுப் படமாக்குற டீகோட் வேலை சாஃப்ட்வேர்ல ஆகுமா, சிப்புல இருக்கிற ஹார்டுவேர்ல ஆகுமான்னு டேபிள் இருக்கும். பிரவுசரே தன் வயித்தைத் திறந்து காட்டுற மாதிரி. எங்க லேப்டாப்ல எச் 264க்கு நேரா ரெண்டுமே இல்லன்னு இருந்துச்சு, அப்பத்தான் இன்னொரு விஷயமும் புரிஞ்சுது, சில நியூஸ் சைட்ல வீடியோ இடத்துல "நோ வீடியோ வித் சப்போர்ட்டட் ஃபார்மேட் அண்ட் மைம் டைப் ஃபவுண்ட்"னு வெறும் எழுத்து மட்டும் வந்துட்டு இருந்துச்சு, அதுக்கும் இதான் காரணம்.

விஷயம் என்னன்னா, எச் 264 பேட்டன்ட் உள்ள கோடெக், அதனால லினக்ஸ்ல ஃபயர்ஃபாக்ஸ் சாதாரண வீடியோவுக்கு அந்த டீகோடரைத் தன் கூட தூக்கிட்டு வராது, சிஸ்டத்துல இருக்கிற எஃப்எஃப்எம்பெக்ங்கற வீடியோ லைப்ரரியைத்தான் கேக்கும். விபி9, ஏவி1 ரெண்டும் அப்படி இல்ல, உள்ளயே இருக்கு, ஏவி1க்கு விஎல்சி பிளேயர் செஞ்ச ஆளுங்களோட டேவ்ஒன்டி டீகோடர். கடையில இடத்தை மிச்சம் பிடிக்க கட்டாயம் வேண்டியதை மட்டும் இன்ஸ்டால் பண்ணி விட்டிருக்காங்க, எஃப்எஃப்எம்பெக் வரவே இல்ல. அதனால யூட்யூப் விபி9லயோ ஏவி1லயோ ஓடுது, நம்ம அஞ்சாம் ஜெனரேஷன் சிப்புல ஏவி1க்கு ஹார்டுவேர் டீகோடர் கிடையாது, விபி9க்கும் முழுசா கிடையாது, மொத்த பாரமும் பிராசசர் தலையில, அது மூச்சு வாங்குது.

சரி பண்ணினது சுலபம். சினாப்டிக்ல (டெபியன்ல சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற புரோகிராம்) லிப்ஏவிகோடெக் இன்ஸ்டால் பண்ணினேன், எஃப்எஃப்எம்பெக்கோட டீகோடர் பகுதி அது, கூட சிப்புல டீகோட் பண்ண வைக்கிற இன்டெல் மீடியா விஏ டிரைவரும். (அஞ்சாம் ஜெனரேஷனுக்கும் முந்தின இன்டெல்னா ஐ965 டிரைவர் போடணும்.) விஏஇன்ஃபோன்னு ஒரு கமாண்ட் இருக்கு, டெர்மினல்ல அடிச்சா சிப்பு எதையெல்லாம் டீகோட் பண்ணும்னு லிஸ்ட் குடுக்கும், எச் 264 வந்துடுச்சு. ஃபயர்ஃபாக்ஸை மூடித் திறந்தா நியூஸ் சைட் வீடியோ எல்லாம் ஓடுது. ஃபயர்ஃபாக்ஸ் 115 வெர்ஷனுக்கு முந்தி லினக்ஸ்ல ஹார்டுவேர் டீகோடிங்கை நாமளே அபௌட் கான்ஃபிக்ங்கற உள் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் ஆன் பண்ணணும், 2023 ஜூலைல வந்த 115லேர்ந்து இன்டெல்லுக்கு அதுவாவே ஆன்ல இருக்கு. இது இன்னும் முன்னாடியே வந்திருக்கணும், விண்டோஸ்காரங்களுக்கு எப்பவோ கிடைச்சது, இங்க மார்க் குறைக்கிறேன்.

ஆனா யூட்யூப் இன்னும் திணறுச்சு. வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் திறந்தா கோடெக் இன்னும் விபி9தான், 1080ல ரெண்டு நிமிஷத்துல 700 ஃப்ரேமுக்கு மேல ட்ராப், அதாவது காட்டாமலே விட்டுப் போச்சு. என்ஹான்ஸ்டு எச்264ஐஃபைன்னு ஒரு ஆட்-ஆன் இருக்கு, யூட்யூப்கிட்ட எனக்கு விபி9, ஏவி1 வேணாம் எச் 264 குடுன்னு கேக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. போட்டதும் கோடெக் இடத்துல ஏவிசி1னு மாறுச்சு (எச் 264தான் அது), ட்ராப் கிட்டத்தட்ட பூஜ்யம், ஃபேன் சத்தம் அடங்கிடுச்சு. அந்த அமைதியைக் கேட்டுத்தான் தங்கச்சி அடுத்த ரூம்லேர்ந்து ஓடி வந்தா. இதுக்கு ஒரு விலை இருக்கு, எச் 264ல அதே தரத்துக்கு டேட்டா அதிகம் போகும், யூட்யூப்ல 1080க்கு மேலயும் வராது. மொபைல் ஹாட்ஸ்பாட்ல பாக்குறவங்க 480ல வெச்சுக்கோங்க, போர்டு எழுத்து அதுலயே தெரியும்.

ஓடிடி பாக்குறவங்களுக்கு ஒண்ணு. செட்டிங்ஸ் ஜெனரல் பகுதியில பிளே டிஆர்எம் கன்ட்ரோல்டு கன்டென்ட்னு ஒரு டிக் இருக்கும் (டிஆர்எம்னா படத்தைக் காப்பி எடுக்க விடாத பூட்டு), அது இல்லாம படம் வராது. டிக் போட்டா அந்தப் பூட்டைத் திறக்கிற கூகுளோட வைட்வைன் இறங்கும், அது திறந்த மென்பொருள் இல்ல. 2014ல ஃபயர்ஃபாக்ஸைச் செய்யுற மொசில்லா டிஆர்எம்முக்கு ஒத்துக்கிட்டப்போ நிறைய பேருக்கு வருத்தம், எனக்கும் அது உறுத்தல்தான், ஆனா வேணாம்னா ஆஃப் பண்ற வழியை நம்ம கையில குடுத்திருக்காங்க, நான் ஆஃப்லதான் வெச்சிருக்கேன். அப்புறம் வீடியோ தானா ஸ்டார்ட் ஆகலன்னு பயப்படாதீங்க, 2019ல 66 வெர்ஷன்லேர்ந்து சத்தத்தோட தானா ஓடுறதை அதுவே தடுக்குது, அட்ரஸ் பக்கத்துல இருக்கிற ஐகானைத் தட்டி அந்த சைட்டுக்கு மட்டும் விடலாம்.

குறைன்னா அபௌட் கான்ஃபிக் ஆப்ஷன் பேரெல்லாம் இங்கிலீஷ்தான், மெனு தமிழ்ல கிடைக்கிற பிரவுசர்ல வீடியோவை சரி பண்ற இடம் மட்டும் தமிழ் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு எட்டல. மத்தபடி பிக்சர் இன் பிக்சர் ஒண்ணு போதும் எனக்கு, கிளாஸை சின்ன ஜன்னலா ஓரத்துல மிதக்க விட்டுட்டு லிப்ரே ஆபிஸ்ல நோட்ஸ் அடிக்கிறா, முன்னாடி ரெண்டையும் மாத்தி மாத்தித் திறந்து பாதி பாடத்தை விட்டுடுவா.

உங்க லேப்டாப் இன்டெல் 11ம் ஜெனரேஷனோ அதுக்கு மேலயோன்னா அந்த எச்264ஐஃபை ஆட்-ஆன் போடாதீங்க, சிப்புலயே ஏவி1 டீகோடர் இருக்கு, டிரைவர் இருக்கான்னு மட்டும் அபௌட் சப்போர்ட்ல பாத்துக்கோங்க.