கொல்லிமலைச் சேற்றில் நான்கு வருடம்: மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆக்ஸில்தான் போனது

எலெக்ட்ரிக் கார் வாங்கி நான்கு வருடம், 61,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. முன்சக்கர டிரைவ். இருப்பது சேலத்தில், மாமனார் வீடு கொல்லிமலையில். அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கார் அலட்டிக்கொள்ளாமல் ஏறிவிடும். செம்மேட்டைத் தாண்டி வீட்டுக்குத் திரும்பும் செம்மண் ஏற்றம்தான் வம்பு.

முதல் ஐப்பசி மழையிலேயே மாட்டிக்கொண்டேன். வண்டி நகரவில்லை, ஸ்பீடோமீட்டர் 60 காட்டுகிறது. இடது முன்சக்கரம் சேற்றை வாரி இறைக்கிறது. "மாப்ள, மிதிக்காதீங்க, மோட்டார் கருகிடும்" என்று மச்சான் கத்தினார்.

கருகவில்லை. அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். 60 என்றால் நிமிடத்துக்கு 500 சுற்று. இந்த மாதிரி கார்களில் கியர் ஒன்றுதான், பெரும்பாலும் 9:1, 10:1 பக்கம். ஆக, மோட்டார் சுற்றியது அதிகபட்சம் 5,000 ஆர்பிஎம். பைபாஸில் 100-ல் போகும்போது இதைவிட வேகமாகச் சுற்றுகிறது! சேற்றில் சுமையும் இல்லாததால் கரன்ட்டும் குறைவு.

சூடு ஏறுவது வேறொரு நேரத்தில். ஏற்றத்தில் பிரேக் போடாமல், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியை அப்படியே நிறுத்தி வைப்பேன், பழைய பெட்ரோல் கார் பழக்கம். மோட்டார் சுற்றாமல் நிற்கும்போது கரன்ட் ஒரே காயிலில் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரி கரன்ட்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் அங்கேயே சூடாகும். அதை விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்த 'டங்'. வழுக்கிச் சுற்றும் சக்கரம் திடீரென்று கல்லைப் பிடித்தால், சுற்றிக்கொண்டிருந்த ரோட்டரின் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) வேகம் முழுக்க கியரிலும் ஆக்ஸிலிலும் இறங்கும். 38,000 கிலோமீட்டரில் இடது சிவி ஜாயின்ட் (ஆக்ஸிலைச் சக்கரத்தோடு சேர்க்கும் மூட்டு) திருப்பங்களில் டக் டக் என்றது, மாற்றினேன். சேறுதான் காரணமா, அதை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருந்ததா என்று மெக்கானிக்கால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் சந்தேகம் இரண்டின் மேலும். முன் டயர்கள் அதற்கு முன்பே, 27,000-ல் போய்விட்டன.

மச்சான் வைத்திருப்பது ஹைபிரிட். 1997 டொயோட்டா பிரியஸில் வந்த, எஞ்சினையும் மோட்டாரையும் ஒன்றாகக் கோக்கும் அதே பிளானட்டரி கியர் முறை. பெரிய மோட்டார் நேரே சக்கரத்தோடு கோத்திருக்கும், நடுவில் கிளட்ச் கிடையாது. சக்கரம் எகிறினால் அதுவும் கூடவே எகிறும். அதனால் அவரும், சக்கரம் வழுக்கினால் சக்தியைத் தானே குறைக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைப்பதில்லை.

மழையில் மலை இறங்கும்போது ரீஜெனை (காலை எடுத்ததும் மோட்டாரே பிரேக் போல இழுத்து பேட்டரியை சார்ஜ் செய்வது) குறைத்து வைக்கிறேன். காலை எடுத்ததும் முன்சக்கரம் இழுத்து வழுக்குவது நின்றது. ஏற்றத்தில் சக்கரத்துக்கு அடியில் போட, டிக்கியில் இரண்டு பழைய சாக்கு.