ஆப் விற்பனையையும் தள விற்பனையையும் பிரித்துப் பார்த்த இரண்டு வருஷ அனுபவம்

"ஆப்புக்கு வருஷா வருஷம் காசு கட்டுறோமே, அதுல எத்தனை சேலைதாம்மா போயிருக்கு?"

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக் கடை நடத்தும் என் அத்தை, 2023 தீபாவளி முடிந்த வாரத்தில் கேட்டது இது. கடையின் ஆன்லைன் விற்பனையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் இணையதளம் வேர்ட்பிரஸ்ஸின் மேல் வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளில் ஓடுகிறது. அந்த வருஷ ஆரம்பத்தில்தான் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஆப் விட்டிருந்தோம். கூகுள் பிளேயில் கணக்கு தொடங்க ஒரே தடவை 25 டாலர் கட்டினால் போதும். ஆப்பிளுக்கோ வருஷத்துக்கு 99 டாலர். ஆப் செய்து கொடுத்தவருக்குப் பராமரிப்புப் பணம் தனி. அத்தை கேட்டது நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

யார் வந்தார்கள், என்ன வாங்கினார்கள் என்று கணக்கு வைக்கும் ஜிஏ4-ஐ, அதாவது கூகுள் அனலிடிக்ஸைத் திறந்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அதில் ஒரே ப்ராப்பர்ட்டிக்குள் (ஒரு கடைக்கான கணக்கு) தளத்துக்கு ஒன்று, ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனின் ஐஓஎஸ்ஸுக்கு ஒன்று என்று தனித்தனி டேட்டா ஸ்ட்ரீம் (தரவு வரும் வழி) வைக்கலாம். நாங்களும் மூன்றையும் வைத்திருந்தோம். பிளாட்ஃபார்ம் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு வரியில் ஆப்பைத் திறந்தவர்கள் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது, வருமானக் கட்டத்தில் மட்டும் பூஜ்யம். ஐஓஎஸ்ஸிலும் அதே கதை. மொத்தப் பணமும் வெப் வரியில் நின்றது.

காரணம் எளிமையானது. எங்கள் ஆப் ஒரு வெப்வியூ ஆப். வெளியே ஆப்பின் சட்டம், உள்ளே எங்கள் தளமேதான். ஆப்பைத் திறந்ததை அதற்குள் இருக்கும் ஃபயர்பேஸ் என்ற கூகுள் கருவி கணக்கு வைக்கும். சேலையைக் கூடையில் போடுவது, பணம் கட்டுவது எல்லாம் உள்ளே இருக்கும் தளத்தில் நடப்பதால் தளத்தில் இருக்கும் டேக் (ஜிஏ4-க்குத் தகவல் அனுப்பும் துண்டு நிரல்) அதை வெப் என்றே எழுதும். சின்னக் கடைகள் குறைந்த செலவில் செய்துகொள்ளும் ஆப்களில் பல இந்த வகைதான். உங்களுடையது எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முழுக்க நேட்டிவ்வாக, அதாவது உள்ளே தளத்தைக் காட்டாமல் போனுக்கென்றே எழுதிச் செய்த ஆப் என்றால் நான் சொல்லப் போவதில் பாதி உங்களுக்கு வேண்டாம்.

சரி, வெப்வியூவிலிருந்து வருபவர்களைத் தனியாகப் பிடிக்க என்ன வழி? ஒவ்வொரு பிரவுசரும் தான் யார் என்று தளத்துக்கு ஒரு வரி சொல்லும். யூசர் ஏஜென்ட் என்பார்கள். ஆண்ட்ராய்டு வெப்வியூ என்றால் அந்த வரியில் 'டபிள்யூவி' (wv) என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். அதை வைத்து ஆர்டர்களைப் பிரித்தேன். ஆப் விற்பனை திடீரென்று அமோகமாகத் தெரிந்தது. அத்தையிடம் சொல்லியும்விட்டேன். பிறகு பார்த்தால், இன்ஸ்டாகிராமுக்குள் லிங்க்கைத் தொட்டால் திறக்கிற பிரவுசரும் ஆண்ட்ராய்டில் வெப்வியூதான். அதற்கும் அதே இரண்டு எழுத்து. எங்கள் ஆப்பையே போனில் ஏற்றாதவர்கள்கூட ஆப் வாடிக்கையாளர் கணக்கில் ஏறியிருந்தார்கள். மறுநாள் அத்தையிடம் போய் முந்தின நாள் சொன்ன கணக்கு தப்பு என்றேன்.

ஆப் செய்தவரிடம் சொல்லி, எங்கள் ஆப்பின் யூசர் ஏஜென்ட் வரிக் கடைசியில் எங்களுக்கென்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னேன், ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று. சில வரி வேலைதான். ஆர்டர் உருவாகும் நொடியில் தளம் அந்தச் சொல்லைப் பார்த்து ஆர்டரோடு சேர்த்து 'ஆப்' என்றோ 'தளம்' என்றோ எழுதி வைக்கும். இந்த இரண்டு வருஷத்தில் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான். அடையாளம் ஆர்டரின் உடம்பிலேயே இருப்பதால், அந்தச் சேலை திரும்பி வந்தாலும், பாதி ரீஃபண்ட் ஆனாலும், ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் அது எந்த வழியாக வந்தது என்பது கூடவே வரும்.

வூகாமர்ஸே இதற்கு ஒரு வசதி தருகிறதே என்று சிலர் கேட்பார்கள். 2024 ஜனவரியில் வந்த 8.5 பதிப்பிலிருந்து ஆர்டர் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் ஆர்டர் அட்ரிபியூஷன் இருக்கிறது, ஆர்டர் பட்டியலில் 'ஆரிஜின்' என்று ஒரு பத்தி. கூகுளில் தேடி வந்தாரா, நேரே வந்தாரா என்பதையெல்லாம் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் அதில் 'மொபைல் ஆப்' என்று வருவது வாடிக்கையாளரின் ஆப் இல்லை. கடைக்காரர் கையில் இருக்கும் வூ ஆப்பிலிருந்து (கடையை நிர்வகிக்க வூகாமர்ஸ் தரும் ஆப்) போட்ட ஆர்டரைத்தான் அது அப்படிச் சொல்கிறது. போனிலும் வாட்ஸ்அப்பிலும் படம் பார்த்துக் கேட்பவர்களுக்கு அத்தையே அந்த ஆப்பில் ஆர்டர் போட்டுவிடுவார். அதனால் எங்கள் கடையில் அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் 'அத்தை கையால் போட்டது'. இது தெரிந்த பிறகு எங்கள் கணக்கு ஷீட்டில் ஆப், தளம் என்ற இரண்டோடு போன் ஆர்டர் என்று மூன்றாவது பத்தி ஒன்று வைத்தோம்.

அடுத்து பணக் கணக்கு. ஆர்டர் பட்டியலில் இருக்கும் ஆர்டர்கள் சில அனலிடிக்ஸில் இல்லை. கொஞ்சம் விடுபடுவது எங்கேயும் உண்டு என்று விட்டிருந்தேன். பிரித்துப் பார்த்தபோதுதான் விடுபட்டவை பெரும்பாலும் ஆப் பக்கம் என்று தெரிந்தது. ஏன் என்று புரிய, என் அக்காவை ஆப்பில் ஒரு சேலை வாங்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிச் சேலை ஒன்றை எடுத்தாள். பணம் கட்டும் பட்டனைத் தொட்டாள், யுபிஐ ஆப் திறந்தது, பின் நம்பரைப் போட்டாள், பச்சை டிக் விழுந்தது. "வாங்கியாச்சு" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். எங்கள் ஆப்புக்கு அவள் திரும்பி வரவே இல்லை.

வாங்கியதை ஜிஏ4-க்குச் சொல்லும் டேக், பணம் கட்டி முடித்ததும் திறக்கும் எங்கள் நன்றிப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் திறக்காவிட்டால் சொல்ல ஆளில்லை. பணம் வந்த தகவலைப் பேமென்ட் கேட்வே (பணத்தை வாங்கித் தரும் சேவை) நேரே எங்கள் சர்வருக்கு அனுப்பிவிடுவதால் ஆர்டர் சரியாகப் பதிவாகிவிடும், பார்சலும் போய்விடும். கம்ப்யூட்டரில் வாங்குபவர் திரையில் தெரியும் க்யூஆரைப் போனில் ஸ்கேன் செய்வார், தளத்தின் பக்கம் அங்கேயே காத்திருக்கும், பணம் விழுந்ததும் நன்றிப் பக்கம் தானாக வரும். ஆகவே ஓட்டை எல்லாப் பக்கமும் ஒரே அளவு இல்லை. அனலிடிக்ஸை மட்டும் நம்பியிருந்தால் ஆப்பை மூடச் சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து எவ்வளவு விற்றது என்பதற்கு ஆர்டர் பட்டியல் மட்டும்தான் எனக்குக் கணக்கு. எங்கிருந்து வந்தார்கள், எந்தப் பக்கத்தில் விட்டுப் போனார்கள் என்பதற்கு மட்டும் அனலிடிக்ஸ்.

அதற்காக ஜிஏ4-ஐ ஒதுக்கிவிடவில்லை. அதே 'ஆப்', 'தளம்' அடையாளத்தை அங்கேயும் கஸ்டம் டைமென்ஷனாக, அதாவது நாமே சேர்க்கும் கூடுதல் விவரமாக அனுப்புகிறேன். பதிவு செய்த நாளிலிருந்துதான் அது வேலை செய்யும், பழைய தரவுக்கு ஒட்டாது. எனவே இன்றைக்கே போட்டுவிடுங்கள். நாமே அறிக்கை அமைத்துப் பார்க்கும் எக்ஸ்ப்ளோரேஷன் பகுதியின் விவரங்கள் இயல்பாக 2 மாதம்தான் தங்கும். செட்டிங்கில் 14 மாதமாக மாற்றினால்தான் போன தீபாவளியோடு இந்த தீபாவளியை ஒப்பிட முடியும். வேர்ட்பிரஸ்ஸில் டைம்ஸோன் இந்திய நேரமா என்றும் பாருங்கள், மாற்றாமல் விட்டால் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும், ஒவ்வொரு நாள் கூட்டலும் இடிக்கும்.

அத்தையின் கேள்விக்குக் கிடைத்த பதில் நான் எதிர்பார்த்தது இல்லை. ஆப்பில் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே எங்களிடம் வாங்கியவர்கள். புதிய முகங்கள் தளம் வழியாகத்தான் வருகிறார்கள், கூகுளிலும் இன்ஸ்டாகிராமிலும் பார்த்து. புதுச் சரக்கு வந்ததும் அனுப்பும் நோட்டிஃபிகேஷனைப் பார்த்து அன்று மாலையே வாங்குபவர்கள் ஆப்காரர்கள். கேஷ் ஆன் டெலிவரியில் அவர்களிடமிருந்து பார்சல் திரும்புவதும் குறைவு. இதை வைத்து 'ஆப் நன்றாக விற்கிறது, தளம் மந்தம்' என்று சொன்னால் அது பெரிய தவறு. தளம் ஆளைக் கூட்டி வருகிறது, ஆப் பழகியவரைப் பக்கத்தில் வைத்திருக்கிறது. முதல் தடவை வருபவர் முகத்துக்கு நேரே 'ஆப்பை இறக்குங்கள்' என்று திரை நிறையக் காட்டிக்கொண்டிருந்ததை எடுத்துவிட்டோம். இப்போது இரண்டாவது பார்சலுக்குள் ஒரு சின்னச் சீட்டில் ஆப்புக்கான க்யூஆர் வைக்கிறோம்.

ஒரு தடவை பெரிய சறுக்கலும் நடந்தது. பணம் கட்டும் செக்அவுட் பக்கத்தைப் பழைய முறையிலிருந்து வூகாமர்ஸின் புதிய பிளாக் முறைக்கு மாற்றினேன். பார்க்க நன்றாக இருந்தது, வேகமாகவும் இருந்தது. ஆனால் அடையாளம் எழுதும் என் துண்டு நிரல் பழைய செக்அவுட்டின் ஹூக்கில் (நம் நிரலை மாட்டிவிடும் கொக்கி போன்ற இடம்) தொங்கிக்கொண்டிருந்தது. பிளாக் செக்அவுட் அந்த ஹூக்கைத் தொடுவதே இல்லை, அதற்கு வேறு ஹூக். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. ஆர்டர்கள் வந்துகொண்டே இருந்தன, ஒன்றிலும் அடையாளம் இல்லை. திங்கட்கிழமை கணக்கு ஷீட் போடும்போது ஆப் பத்தி காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்த நாட்களின் ஆர்டர்களை இன்றுவரை 'தெரியாதது' என்று தனியாகவே வைத்திருக்கிறேன். ஊகித்து எந்தப் பக்கமும் சேர்க்கவில்லை.

அதிலிருந்து மாதம் பிறந்ததும், செக்அவுட்டைத் தொடும் எந்த அப்டேட்டுக்குப் பிறகும், அத்தையின் ஆண்ட்ராய்டு போனில் ஒன்று, அக்காவின் ஐபோனில் ஒன்று, கடைக் கம்ப்யூட்டரில் ஒன்று என்று மூன்று ஆர்டர் போடுகிறேன். மூன்றிலும் சரியான சொல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரத்து செய்துவிடுகிறேன். பத்து நிமிஷம் ஆகிறது.